மற்றும் பலர்

வாதிகள்: ஆறுச்சாமி, மயிலாத்தாள், அசனம்மாள்
மற்றும் பலர்.
அப்படித்தான் அடிக்கச் சொன்னார் ஹைமவதி வக்கீல்.
பலர் என்றால் இருநூற்றுப் பதினொரு பேர்.
மூங்கில்பள்ளத்துக்கு ஒரே கிணறு,
அதனால் ஒரே வழக்கு.

எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்கிறது சட்டம்.
பத்திரிகையில் கொடுத்தோம்.
டிராக்டர் ஏலத்துக்கும்
தொலைந்துபோன பாஸ்புக்குக்கும் நடுவே
கட்டைவிரல் அகலத்தில் வந்தது, மலையாளத்தில்.
மூங்கில்பள்ளம் கேரளத்தில்தான் இருக்கிறது.
அதன் வாய் மட்டும் கோயமுத்தூர்ப் பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறை பஸ் பிடித்துப் போய்
பால் சொசைட்டி வாசலில் நின்று
தமிழில் உரக்கச் சொன்னேன்:
இந்த வழக்கில் நலன் உடைய எவரும்
தம்மையும் சேர்க்கக் கேட்கலாம்.

நலன்னா என்னுங்க, நல்லா இருக்கறதுங்களா?
ஆறுச்சாமி கேட்டார்.
அப்படீன்னா என் பேரை எடுத்துருங்க.

ஆறு வருஷம் பழைய பேட்டரிகளை உடைத்து
ஈயம் உருக்கினார்கள்.
போர்டு மூன்று முறை மாறியது.
எர்ணாகுளத்திலிருந்து வந்த எதிர்த்தரப்பு வக்கீல்
அவசரமே இல்லாமல் சொன்னார்:
உருக்கிய கம்பெனி இன்று இல்லை.
இன்றிருக்கும் கம்பெனி உருக்கவே இல்லை.
நடுவில் ஈயம் மட்டும்
பெயரை மாற்றிக்கொள்ளாமல் மண்ணில் கிடக்கிறது
என்று யாரும் சொல்லவில்லை.
நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்,
குமாஸ்தா பேசக் கூடாது.

பிறகு அவர் எங்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.
ஒருவருக்கு எருமை செத்தது.
ஒருவருக்குத் தென்னை குரும்பையிலேயே உதிர்கிறது.
ஒருவர் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை.
பாதிப்பேருக்குப் பயம் மட்டும்தான்.
இது எப்படி ஒரே குறை ஆகும்?
தனித்தனியாக வரட்டும்.

தனித்தனியாக வந்தால்
கோர்ட் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மண் பரிசோதனை,
சித்தூருக்குப் பஸ்.
மயிலாத்தாளின் நூறு நாள் கூலியால் வகுத்துப் பார்த்தேன்.
கால்குலேட்டரை அணைத்துவிட்டேன்.

சித்திரையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது.
தலைக்கு நாற்பதாயிரம்,
எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று ஒரு தாள்.
முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
அசனம்மாளின் மருமகனும்.
மகளுக்கு நர்சிங் சீட், கடைசித் தேதி என்றான்,
நான் கேட்காமலே.
பட்டியலில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
போடாதே என்றார் ஹைமவதி.
கைவிடுவதென்றாலும் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும்.
இது ஒருவர் எழுந்து போனால்
முடிகிற பந்தி இல்லை.

மயிலாத்தாளின் மகன் முகுந்தன்.
இணைப்பு ஆவணத்தில் அவன் சிறார் பத்தொன்பது.
ஐந்தே அதிகம் என்கிற இடத்தில்
அவன் ரத்தத்தில் முப்பத்தெட்டு.
வாசலில் புளியங்கொட்டை எண்ணுவான்,
பதினொன்றுக்குப் பிறகு ஏழு,
மறுபடி பதினொன்று, மறுபடி ஏழு,
தப்பென்று தெரியாத முகம்.
சாட்சிக் கூண்டில் அவனை ஏற்றலாமா என்று
வக்கீல் இரண்டு வாரம் யோசித்தார்.
மயிலாத்தாள் யோசிக்கவில்லை.
வேண்டாங்க.

ஒரே நலனா இல்லையா என்பதற்கான உத்தரவு
மூன்றாவது முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது.
அதைச் சொல்லத்தான் இந்த ஞாயிறு போனேன்.
ஞாயிற்றுக்கிழமை டேங்கர் வராது.
மயிலாத்தாள் கேட்காமல் உள்ளே போனாள்,
அடுப்பு பற்றும் சத்தம்,
வாளி கிணற்றில் இறங்கும் சத்தம் அதற்கு முன்பே
கேட்டிருந்தது.

அஃபிடவிட், பத்தி பதினான்கு, நான்தான் அடித்தேன்:
கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது.

டம்ளரின் விளிம்பைப் பிடித்து நீட்டினாள்.
சூடாக இருந்தது.
வாங்கிக்கொண்டேன்.